கூரை உள்ள நிறுத்தம்

மோட்டார்காரருக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, உளி பேசும். புதுக்கம்பி சுற்றச் சொல்லி வந்த, கருகிப்போன மோட்டார் ஒன்றை எடுத்துக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, பழைய செப்புச் சுருளின் தலையை வெட்ட ஆரம்பித்துவிடுவார். டங், டங் என்று அந்தச் சத்தம் தெருமுனை வரைக்கும் போகும். "யார்மேல கோவமோ, அடி வாங்கறது மோட்டாரு" என்று எதிர்ச்சாரி ரொட்டிக்கடைக்காரர் சிரிப்பார். மற்ற நாளில் அதே வேலையைக் குழந்தைக்கு நகம் வெட்டுகிற மாதிரிச் செய்கிற மனிதர்தான்.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து டங் டங். கோபம், கட்டிய மனைவிமேல்.

அவள் ஒன்றும் தூரத்தில் இல்லை. பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். அதை ஒதுக்கிக் கட்டிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, மோட்டாரின் பள்ளங்களில் செருகுகிற மஞ்சள் காகிதத்தை அளவுக்கு வெட்டி ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். கம்பி இரும்பில் உரசாமல் இருக்க அந்தக் காகிதம் வேண்டும். கல்யாணமான புதிதில், சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் அவளாகவே பழகிக்கொண்ட வேலை. அதனால்தான் அவர் அவளைப் பேப்பர்காரி என்று கூப்பிடுவார். கொஞ்சினாலும் பேப்பர்காரி, உப்புக் குறைந்தாலும் பேப்பர்காரி. நேற்றிலிருந்து அந்தப் பெயர் அவர் வாயில் வரவில்லை. அவள் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவளுக்கு நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. நுரையீரல் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டு வருகிறது, அதைத் திரும்ப இளக்க மருந்து இல்லை என்று டாக்டரம்மா பக்குவமாகச் சொல்லிவிட்டார். மழைக்காலம் வந்தால் இரண்டு அடி நடப்பதற்குள் மேல்மூச்சு வாங்கும். சுருளுக்கு வார்னிஷ் அடிக்கிற வேலையை, அந்த நெடி அவளுக்கு ஆகாதென்று, அவர் எப்போதோ பின்பக்கக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார். ராத்திரி அவளுக்கு மூச்சு கொடுக்கிற மெஷின் ஓடும். அதன் சத்தத்தில் சின்னத் தடங்கல் வந்தாலும் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

நேற்று டாக்டரம்மாவிடம் போனபோதுதான் வினை வந்தது. சோதனையெல்லாம் முடிந்ததும் டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ரொம்ப சாதாரணமாகப் பேசினார்.

"நீங்க தெளிவா இருக்கும்போதே ஒண்ணு கேட்டு வெச்சுக்கறேம்மா. பின்னாடி என்னிக்காவது உங்களால பேச முடியாம போயிட்டா, எந்த வைத்தியம் வேணும், எது வேண்டாம்னு இப்பவே எழுதி வெக்கலாம். உங்களுக்காகப் பேச ஒருத்தர் பேரும் எழுதணும். நீங்க பேசற வரைக்கும் முடிவு உங்களோடதுதான். எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம். யார் பேரை எழுதட்டும்?"

மோட்டார்காரர் சட்டைக் காலரை நேராக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு என்று அவர் நினைப்பு.

"எங்க நாத்தனார்" என்றாள் அவள்.

டாக்டரம்மாவே ஒரு கணம் அவரைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு முகம் செத்துப்போயிற்று. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர்கள் ஏற வேண்டிய பஸ் வந்து, நின்று, போய்விட்டது. அவர் கை காட்டவே இல்லை.

மத்தியானம் அவள் கூப்பிட்டாள். "சாப்பிட வாங்க."

டங்.

"பருப்பு ஆறிடுது."

டங், டங்.

"அந்த மோட்டார் என்ன பாவம் பண்ணுச்சு? என்மேல கோவம்னா என்கிட்ட பேசுங்க."

உளி நின்றது. "நான் என்னத்தைப் பேசறது? பேசறதுக்குத்தான் வேற ஆளைப் போட்டுட்டியே!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும். இருமி முடிக்கும்வரை அவர் தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில் நின்றார். கோபம் கோபம்தான், அதற்காகத் தண்ணீர் கொடுக்காமல் இருக்க முடியுமா?

சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார். "எனக்குப் புரியல. போன மழைக்காலத்துல நீ ஆஸ்பத்திரில கெடந்தப்ப வராந்தாவுல யார் படுத்திருந்தா? நான். எங்கக்கா ரெண்டு தடவை எட்டிப் பாத்தா. பாக்கற நேரம் முடிஞ்சுதுன்னு வாட்ச்சைப் பாத்துட்டுக் கெளம்பிட்டா. உனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். புதுப்பொண்ணுன்னுகூடப் பாக்காம கொட்டற மழையில உன்னை பஸ்ஸ விட்டு எறக்கி விட்டாளே, அவளா உனக்காகப் பேசறது?"

"அவங்கதான்."

அக்காள் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கண்டக்டரம்மா என்றால் அந்தத் தடத்தில் எல்லோருக்கும் தெரியும். டிக்கெட் இல்லாமல் பெற்ற தகப்பன் ஏறினாலும் விசில்தான். கல்யாணமாகி வந்த புதிதில், நம் நாத்தனார் பஸ்தானே, நம்மிடமா கேட்கப்போகிறாள் என்று இவள் கையை வீசிக்கொண்டு ஏறிவிட்டாள். விசில் ஊதி, பஸ்ஸை நிறுத்தி, "எறங்கு" என்று ஒரே வார்த்தை. அன்றைக்கு நனைந்த புடவை காய்ந்துவிட்டது, மனசு காயவில்லை என்று குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள்.

"நம்ம பொண்ணு இருக்காளே?" என்றார் அவர், கடைசி அம்பாக.

"அவ கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு எங்கயோ இருக்கா. அவ தலைல இதைக் கட்ட மாட்டேன். சரி, நீங்க சொல்லுங்க. அன்னிக்கு டாக்டருங்க கேட்டதுக்கெல்லாம் என்ன சொன்னீங்க?"

"செய்யுங்கன்னேன்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்தான். பின்னே?"

"அதுதான். உங்களுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரும். இன்னொரு வார்த்தை வராது." அவள் பரணைப் பார்த்தாள். "அதோ பாருங்க."

பட்டறைக்கு மேலே பலகைப் பரண். பரண் கொள்ளாமல் மோட்டார்கள். மற்றவர்கள் என்றைக்கோ பழைய இரும்புக்குப் போட்டிருக்க வேண்டிய சாமான்கள். இது தேறாது என்று சொல்ல அவருக்கு நா எழாது. "பாக்கறேன்" என்பார். தெருக்கோடிச் சலவைக்கடைக்காரருடைய மோட்டார் இருக்கிறதே, அதில் சுருள் மட்டும் கருகவில்லை, சுருளைத் தாங்குகிற இரும்புக் கோரே உருகி ஒட்டிக்கொண்டது. கோர் போன மோட்டாரில் புதுக்கம்பி சுற்றினாலும் அதுவும் கருகும். தெரிந்தும் சுற்றினார். கருகியது. காசு வாங்காமல் மறுபடி சுற்றினார். மறுபடி கருகியது. "பாக்கறேன்" என்று பரணில் ஏற்றிவிட்டார்.

"போயிடுச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?" என்றாள். "தொண்டைல குழாய் போட்டிருந்தப்ப எனக்கு நெனவு வந்து வந்து போச்சுங்க. புடுங்கிடுவேன்னு கை ரெண்டையும் கட்டி வெச்சிருந்தாங்க. நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டுக் கும்பிடறது தெரிஞ்சுது. பொழைச்சு வந்தேன், உங்ககூட உக்காந்து சோறு திங்கறேன். அதுக்கு நான் குறை சொல்லல. ஆனா இனிமே திரும்பவே மாட்டேன்னு ஆன பெறகும் நீங்க பாக்கறேன், பாக்கறேன்னுதான் சொல்லுவீங்க. என்னையும் பரண்ல ஏத்தி வெச்சுடுவீங்க."

அவர் கையிலிருந்த சோறு தட்டிலேயே விழுந்தது. மழை ஜன்னல் கம்பியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலையில் ஏணியைப் போட்டார். ரோஷம் வந்துவிட்டது. எனக்கா அந்த வார்த்தை வராது? பாருடி இப்போது!

முதலில் சலவைக்கடைக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவரும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். மோட்டார்காரர் அந்த மோட்டாரை மேஜைமேல் வைத்துத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"இது வந்து... பாருங்க... இதுல என்னன்னா..."

"என்னங்க, பேரிங்கா?"

"இல்ல. இது..." துணியைக் கீழே வைத்தார். "போயிடுச்சு."

"அப்பாடா!" என்றார் சலவைக்கடைக்காரர். "இதை அப்பவே சொல்லக் கூடாதா? நான் வேற வாங்கி மாட்டி ரொம்ப நாளாச்சு. கேட்டா உங்க மனசு நோகுமேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

ஜன்னலோரத்தில் கத்தரிக்கோல் சத்தம் நின்றது. அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. தெரியாத மாதிரி அடுத்த மோட்டாரை எடுத்தார்.

சொல்லப் பழகிவிட்டால் அந்த வார்த்தைக்கும் ஒரு ருசி இருக்கும்போல. இது போயிடுச்சு. அதுவும் போயிடுச்சு. எடுத்துக்கிட்டுப் போங்க. சாயங்காலத்துக்குள் பரணில் பாதி காலி, தெருவில் பாதிப் பேருக்கு ஆச்சரியம். மனிதருக்கு முகத்தில் ஒரு தெளிவு. நடையில்கூட ஒரு மிடுக்கு.

அந்த நேரம் பார்த்து ரொட்டிக்கடைக்காரர் மாவு பிசைகிற மெஷினின் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "சட்டுனு பாருங்க. நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ரொட்டி குடுத்தாகணும்."

மோட்டார்காரர் ஒயரை மாட்டி சுவிட்சைப் போட்டார். 'உம்ம்' என்று ஒரு முனகல். தண்டு அசையவில்லை. சுவிட்சை அணைத்தார்.

"போயிடுச்சு. வேற வாங்கிக்கங்க."

"ஐயையோ! என்னங்க, தொட்டுக்கூடப் பாக்கல?"

"இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு? போனா போனதுதான். மனசைத் தேத்திக்கங்க."

உள்ளேயிருந்து குரல் வந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு இடைவெளி விட்டு வந்தது. "ஏங்க... முனகுது இல்ல? தண்டைக் கையால... ஒரு சுத்து... சுத்தி விடுங்க."

அவர் உள்ளே பார்த்து முறைத்தார். பிறகு சுவிட்சைப் போட்டு, தண்டை விரலால் ஒரு சுண்டு சுண்டினார். மோட்டார் குபீரென்று பிடித்துக்கொண்டு ஓடியது. கெப்பாசிட்டர்! கடையில் வேலை பழக வருகிறவன் முதல் நாள் கற்றுக்கொள்கிற விஷயம். கிளம்புவதற்கு ஒரு தள்ளு கொடுக்கிற டப்பி செத்துப்போயிருந்தது. மற்றபடி மோட்டார் புதுசு மாதிரி இருந்தது.

"ஏன் சாமி, உயிரோட இருக்கறதைப் போய்ப் பாடைல ஏத்தப் பாத்தீங்களே!" என்றார் ரொட்டிக்கடைக்காரர். கோபம் பாதி, சிரிப்பு பாதி. புது டப்பி மாட்டியதும் மோட்டாரை அணைத்துக்கொண்டு ஓடிவிட்டார்.

மோட்டார்காரர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். இந்தத் தொழிலில் தலை நரைத்தவர், இப்படி ஒரு தப்பு செய்ததில்லை. மோட்டாரைப் பற்றி மட்டுமா நினைத்தார்? வராந்தாவும் கண்ணாடியும்தான் கண்முன் வந்தன. இதே மாதிரி அவசரத்தில் அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால்?

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு அடங்கும்வரை இரண்டு பேரும் தெருவைப் பார்த்தார்கள்.

"போன மழைக்கு எனக்குப் போனது கெப்பாசிட்டர்" என்றாள். "சளி கட்டிக்கிச்சு, குழாய் போட்டாங்க, தேறிட்டேன். அப்ப நீங்க செய்யுங்கன்னு சொன்னது சரி. இன்னொரு தடவை அதே மாதிரி வந்தாலும் செய்யட்டும். கெப்பாசிட்டர் போனா மாத்தலாம். சுருள் கருகினா சுத்தலாம். கோர் போச்சுன்னா கீழ வெச்சுடணும். இதை எனக்குக் கத்துக் குடுத்ததே நீங்கதானே?"

"மோட்டாருக்குத் தெரியுது."

"எனக்கு?"

அவர் படியில் கிடந்த கம்பித் துண்டை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தார்.

"சொல்லிப் பாருங்களேன். நான் அங்க படுத்திருக்கேன். கோர் போயிடுச்சு. இனிமே கண்ணைத் தெறக்க மாட்டா, உங்களைத் தெரியாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. மெஷினை எடுத்துடலாமான்னு கேக்கறாங்க. என்ன சொல்லுவீங்க?"

அவர் வாயைத் திறந்தார். காலையிலிருந்து சரளமாக வந்த வார்த்தை, தொண்டைக்குக் கீழே எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

"பாக்கறேன்னுதான் சொல்லுவேன்" என்றார். உடனே உடைந்து அழுதார். "என்னால முடியாதும்மா. ஊரு மோட்டாரை எல்லாம் தூக்கிப் போட்டுடுவேன். உன்னை முடியாது."

"தெரியும்" என்று அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். "அழாதீங்க. இதுல உங்க தப்பு என்ன இருக்கு? உங்களால முடியாதுங்கறது எனக்குச் சந்தோஷம்தான். முடியாத வேலையை உங்க தலைல போட்டுட்டு நான் எப்படிப் போறது?"

ஞாயிற்றுக்கிழமை, சேதி கேள்விப்பட்டுக் கண்டக்டரம்மா வந்தாள். மழை விட்டு வெயில் அடித்தது. ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் தோளில் அந்தத் தோல் பை தொங்காமல் வெளியே கிளம்ப மாட்டாள். படியேறும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டி, உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்? ஊர்ல ஆளே இல்லாத மாதிரி என் பேரைக் குடுத்திருக்கே? கண்டக்டர்காரி ஈவு எரக்கம் இல்லாதவ, வேண்டாம்னு சொல்லச் சொன்னா சொல்லிடுவா, அதானே? என்னைக் கல்லுன்னு நெனச்சுட்ட."

"உக்காருங்க அண்ணி. டீ ஆறுது."

"டீ கெடக்கட்டும். பதில் சொல்லு."

"அன்னிக்கு என்னை பஸ்ஸ விட்டு எறக்கினீங்களே..."

"இன்னும் அதையே பேசு! டிக்கெட் எடுத்திருக்கணும். இப்ப ஏறினாலும் எறக்குவேன்."

"எறக்குவீங்க. அதுக்குத்தான் உங்க பேரைக் குடுத்தேன்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா அண்ணி, நான் ஏறினப்பவே உங்களுக்குத் தெரியும், என் கைல காசு இல்லன்னு. அடுத்த ஸ்டாப்புல எறக்கியிருக்கலாம். எறக்கல. அதுக்கு அடுத்ததுலயும் எறக்கல. என்னைப் பாக்காத மாதிரி முன்னாடி போயிட்டீங்க. அதுக்கப்புறம் வந்த ஸ்டாப்புலதான் விசில் ஊதினீங்க. அந்த ஸ்டாப்புல மட்டும்தான் கூரை இருந்துச்சு."

கண்டக்டரம்மா டீ டம்ளரை எடுத்தாள், குடிக்காமல் கீழே வைத்தாள்.

"அது உனக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். கூரைக்குக் கீழ நின்னுக்கிட்டுதான் உங்களைத் திட்டினேன். வீட்டுக்கு நடந்த பாதையிலதான் நனைஞ்சேன்."

"தெரிஞ்சுமா இத்தனை வருஷம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தே?"

"எறக்கினீங்க இல்ல?"

கண்டக்டரம்மா தலையைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காள் கண்ணில் ஈரத்தை அவர் பார்த்ததே இல்லை.

"எனக்கு வேண்டியது அவ்வளவுதான் அண்ணி" என்றாள் பேப்பர்காரி. "எறங்க வேண்டிய எடம் வந்தா எறக்கி விட்டுடுங்க. கூரை இருக்கற எடமாப் பாத்து."

பேனாவின் மூடியைப் பல்லால் கடித்து எடுத்தாள் கண்டக்டரம்மா. டாக்டரம்மா கொடுத்த காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, "வழவழன்னு பேசாதே. ஒண்ணொண்ணாச் சொல்லு" என்றாள்.

"தேறுற சீக்குன்னா எல்லா வைத்தியமும் பண்ணட்டும். குழாய் போட்டாலும் சரி."

"ம்."

"தேற மாட்டேன்னு டாக்டருங்க நிச்சயமாச் சொல்லிட்டா, மெஷின்ல மாட்டி வெக்க வேண்டாம். மாட்டியிருந்தா எடுத்துடணும். மூச்சு முட்டாம, வலி இல்லாம பாத்துக்கட்டும். முடிஞ்சா வீட்டுக்குக் கொண்டு வரணும். இந்த ஜன்னல்கிட்ட. பட்டறைச் சத்தம் கேக்கற மாதிரி."

"சத்தம் வேணுமாம்! உளிச் சத்தத்துல நான் செத்துடுவேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள். எழுத எழுதக் கை மெதுவானது. "ம். அடுத்தது?"

"இவரை யாரும் எதுவும் கேக்கக் கூடாதுன்னு எழுதுங்க."

மோட்டார்காரர் நிமிர்ந்தார். "என்னது?"

"டாக்டர், நர்ஸு, நீங்க, யாரும் இவர்கிட்ட வந்து செய்யலாமா, வேண்டாமான்னு கேக்கக் கூடாது. எந்தக் காகிதத்துலயும் கையெழுத்து வாங்கக் கூடாது. வராந்தாவுல நிறுத்தக் கூடாது. என் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உக்கார வெக்கணும். என் கையைக் கட்டக் கூடாது, அது இவர் கைல இருக்கணும். இவருக்கு அன்னிக்கு அந்த ஒரு வேலைதான்."

கண்டக்டரம்மா ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். எழுதி முடித்து, வாசித்துக் காட்டினாள். பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். சாட்சிக்குக் குடும்பத்து ஆள் ஆகாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், சலவைக்கடைக்காரரையும் ரொட்டிக்கடைக்காரரையும் கூப்பிட்டு வர எழுந்தாள்.

"கொஞ்சம் நில்லுக்கா" என்றார் தம்பி. "எந்தப் பக்கம் நாற்காலின்னு எழுதலையே."

"எந்தப் பக்கமா இருந்தா என்னடா?"

"போன தடவை ஊசியெல்லாம் எடது கைல போட்டிருந்தாங்க. எடது பக்கம் உக்காந்தா ஒயரு தடுக்கும். வலது பக்கம்னு எழுது."

கண்டக்டரம்மா தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நின்றபடியே காகிதத்தைச் சுவரில் வைத்து 'வலது பக்கம்' என்று எழுதிவிட்டு, தோல் பையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

அவர் பட்டறைக்குப் போனார். உளியை எடுக்கப் போகிறார் என்று மனைவி நினைத்தாள். அவர் உட்கார்ந்து வேலை செய்கிற இரும்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஜன்னலோரம் அவளுக்கு வலது பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அவள் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"இப்பவே என்ன?" என்றாள்.

"பழகிக்கறேன், பேப்பர்காரி" என்றார் அவர்.